மரப்பட்டறைக்குத் தானியங்கித் தூசி உறிஞ்சி: குழாய் முதல் கன்ட்ரோலர் வரை

மரப்பட்டறையில் கண்ணில் படும் தூளால் பெரிய கேடு இல்லை. மெஷினைச் சுற்றி விழுகிறது, கூட்டி அள்ளிவிடுகிறோம். கேடு செய்வது கண்ணில் படாத தூசி. 10 மைக்ரானுக்கும் (ஒரு மி.மீ.இல் நூறில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் ரம்பம் நின்ற பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அவற்றில் நுண்ணியவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடி வரை இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூசியை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. மூக்கின் உட்குழியும் சைனஸ் அறைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தேக்கும் ஈட்டியும் இழைக்கும்போது சிலருக்குத் தோல் அரிப்பு வருவது பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததே.

ஒரு கணக்குப் போட்டால் இது எவ்வளவு நுணுக்கமான பிரச்சினை என்பது புரியும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் மரத்தூசி. 20க்கு 30 அடியில் 12 அடி உயரமுள்ள பட்டறைக்குள் இருக்கும் காற்று சுமார் 200 கனமீட்டர். அப்படியென்றால் பட்டறை முழுவதிலும் சேர்த்து வெறும் 0.2 கிராம் தூசி மிதந்தாலே வரம்பைத் தொட்டாயிற்று. ஒரு பிளைவுட் பலகையை நீளவாக்கில் அறுத்தால் விழும் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள்.

தூசி உறிஞ்சி வாங்கி வைத்திருக்கும் பட்டறைகளிலும் அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது. பத்து விநாடி வெட்டுக்கு யார் நடந்து போய் சுவிட்ச் போடுவார்கள்? குனிந்து குழாயை அடைக்கும் தகடான 'கேட்'டைத் திறப்பார்கள்? ஆட்டோமேஷன் தேவைப்படுவது இதற்காகத்தான். மெஷின் ஓடினால் உறிஞ்சியும் ஓட வேண்டும், ஆளின் ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது. ஆனால் வேலை வரிசையில் அது கடைசியில் வருவது. குழாய் தவறாக இருந்தால் எத்தனை சென்சார் மாட்டினாலும் தூசி வெளியேதான் நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றித்தான்.

படி 1: தேவையான காற்றைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக மேலே சொன்ன அளவுப் பட்டறையையே வைத்துக்கொள்வோம். ஒரு டேபிள் சா (மேசை ரம்பம்), ஒரு 12 அங்குல திக்னஸர் (பலகையை ஒரே கனத்துக்கு இழைப்பது), ஒரு ரூட்டர் டேபிள் (விளிம்பும் பள்ளமும் செதுக்குவது), ஒரு பெல்ட் சாண்டர் (உப்புத்தாள் பெல்ட்டில் தேய்ப்பது). ஒரு நேரத்தில் ஒரு மெஷின், அபூர்வமாக இரண்டு ஓடும்.

தூள் குழாயில் படியாமல் போக, காற்று விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான். கடைகளில் கிடைக்கும் 110 மி.மீ. டிரெய்னேஜ் குழாயில் இந்த வேகத்தில் ஏறக்குறைய 360 சிஎஃப்எம் காற்று போகும். 160 மி.மீ. குழாயில் 780 சிஎஃப்எம். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற கணக்கு.

சீவலை மட்டும் அள்ள 360 போதும். நுண்தூசியையும் பிடிக்க வேண்டுமென்றால் டேபிள் சாவுக்கும் திக்னஸருக்கும் அதைப் போல் இரு மடங்கு தேவை என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஆகவே மெயின் குழாய் 160, பெரிய மெஷின்களுக்குக் கிளையும் 160. ரூட்டர் டேபிளுக்கு 110 போதும். "நாலு அங்குலக் குழாய் போதும், மெஷினில் வாய் நாலு அங்குலம்தானே" என்பார்கள். மெஷினின் வாய் ஒரு சாண் நீளம். குழாயோ முப்பது அடி. இழப்பெல்லாம் குழாயில்தான். வாயை அறுத்துப் பெரிதாக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள்.

படி 2: தூசி பிறக்கும் இடத்திலேயே பிடித்தல்

உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனாலே இழுப்பு அநேகமாக இல்லை. ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்று போகாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே, தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

டேபிள் சாவில் அடிப்பெட்டியை எல்லாப் பக்கமும் அடைத்து அதிலிருந்து ஒரு குழாய், பிளேடுக்கு மேலே பாதுகாப்பு மூடியான கார்டோடு சேர்த்து இன்னொரு சிறு குழாய் என இரண்டும் வேண்டும். அடியில் மட்டும் வைத்தால், பிளேடின் பல் ஆளை நோக்கி வீசும் தூசி நேரே முகத்துக்கு வரும். அடிப்பெட்டியை முழுக்க அடைத்தாலும் காற்று உள்ளே வர ஒரு சந்து விடுங்கள். உள்ளே வராத காற்றை வெளியே இழுக்க முடியாது. சாண்டருக்கு பெல்ட் திரும்பும் முனையில் வாய் வையுங்கள், அங்கேதான் தூசி சிதறும்.

படி 3: குழாய் போடுதல்

காற்றுக்கு வளைவு பிடிக்காது. 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி பெண்டுகளை நடுவில் ஒரு துண்டுக் குழாய் விட்டுச் சேருங்கள். கிளை பிரியும் இடத்தில் 'டி' வேண்டாம், 'ஒய்' போடுங்கள், அதுவும் காற்று ஓடும் திசையில் சாய்ந்தபடி. மெஷினோடு சேரும் கடைசி இடத்தில் மட்டும் வளையும் ஹோஸ். அதன் உள்பக்கம் வரிவரியாக இருப்பதால் ஒரு மீட்டர் ஹோஸ் பல மீட்டர் நேர்குழாய்க்குச் சமமான தடையைத் தரும்.

பிவிசி குழாயா, தகரக் குழாயா? பணம் இருந்தால் ஏசி டக்ட் செய்பவர்களிடம் ஸ்பைரல் ஜிஐ குழாய் வாங்குங்கள், எர்த் செய்வது எளிது. பிவிசியில் மரத்தூள் உரசி நிலைமின்சாரம் சேரும், தொட்டால் சுரீரென்று அடிக்கும். டேபிள் சாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அதிர்ச்சியே ஆபத்து. பிவிசிதான் என்றால் குழாய் நெடுக வெறும் செம்புக்கம்பி சுற்றி எர்த்தில் சேருங்கள். ஹோஸுக்குள் இருக்கும் எஃகுக் கம்பியின் இரு முனைகளையும் சுரண்டி மெஷின் பாடியோடும் எர்த்தோடும் இணையுங்கள்.

படி 4: புளோயர், சைக்ளோன், ஃபில்டர்

காற்றை இழுக்கும் விசிறியான புளோயரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிஎஃப்எம், குழாயும் ஃபில்டரும் இல்லாமல் அளந்தது. அதை நம்பி வாங்க வேண்டாம். விற்பவரிடம் ஃபேன் கர்வ் கேளுங்கள், குறிப்பிட்ட அழுத்தத்தில் எத்தனை சிஎஃப்எம் என்று காட்டும் வரைபடம் அது. அதைத் தர முடியாதவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது. கோயம்புத்தூர்ப் பக்கம் புளோயர் செய்பவர்கள் அளவு சொன்னால் அதற்கேற்பச் செய்து தருவார்கள்.

மோட்டார் கணக்கு இதுதான். சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பெரிய தூளைக் கீழே விழ வைக்கும் கூம்பு), ஃபில்டர், குழாய் எல்லாம் சேர்த்து 9 அங்குல நீர் அழுத்தம் இழப்பு என்று கொள்வோம். 780 சிஎஃப்எம் காற்றை அதற்கு எதிராக இழுக்கக் காற்றுக்கு மட்டுமே 1.1 எச்பி செலவாகும். இந்த வகைப் புளோயர்களின் செயல்திறன் ஏறக்குறைய பாதி. ஆக 2.2 எச்பி, அப்படியென்றால் 3 எச்பி மோட்டார். 1 எச்பி பை உறிஞ்சி ஒன்றை வைத்துப் பட்டறை முழுவதற்கும் குழாய் இழுத்தவர்களுக்கு ஏன் ஏமாற்றம் வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்கள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. அங்கே மோட்டார் நிமிடத்துக்கு 3,450 சுற்று. நம் 50 ஹெர்ட்ஸில் அதே வகை மோட்டார் 2,850 சுற்றுதான் ஓடும். காற்றின் அளவு சுற்றோடு நேராகக் குறையும், அழுத்தமோ அதன் வர்க்கத்தில் குறையும். அவர்கள் சொல்லும் அதே இம்பெல்லரை (புளோயருக்குள் சுழலும் சக்கரம்) இங்கே மாட்டினால் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இம்பெல்லரைப் பெரிதாக்க வேண்டும், அல்லது விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) வைத்து, இம்பெல்லர் தாங்கும் வேகத்துக்குள், சுற்றைக் கூட்ட வேண்டும்.

வரிசை இப்படி: மெஷின், குழாய், சைக்ளோன், புளோயர், ஃபில்டர். சைக்ளோன் முதலில் வருவதால் சீவலும் பெரிய தூளும் டிரம்மில் விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைபடாது. மரத்துண்டும் ஆணியும் இம்பெல்லரில் போய் மோதாது. சைக்ளோனின் டிரம் மூடி காற்றுப் புகாமல் இறுக மூட வேண்டும். அங்கே சிறு ஓட்டை இருந்தாலும் விழுந்த தூளெல்லாம் திரும்ப மேலே ஏறி ஃபில்டருக்குப் போகும்.

ஃபில்டரில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. குளிர்நாடுகளில் சூடாக்கிய காற்றை வெளியே விட மனமில்லாமல் ஃபில்டர் வழியாக உள்ளேயே திருப்பி விடுகிறார்கள். அதற்கு மிக நுண்ணிய, விலை உயர்ந்த ஃபில்டர் வேண்டும். தமிழ்நாட்டில் பட்டறை ஜன்னல் வருஷம் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. சைக்ளோன், புளோயர், ஃபில்டர் மூன்றையும் சுவருக்கு வெளியே ஒரு சாய்ப்புக்குக் கீழே வைத்துவிடுங்கள். ஃபில்டர் தாண்டித் தப்பும் நுண்தூசி ஆள் மூச்சுக்குள் வராது, சத்தமும் வெளியே போய்விடும். அதற்காக ஃபில்டரே வேண்டாம் என்று முடிவு செய்யக் கூடாது. சைக்ளோன் நுண்தூசியைப் பிடிக்காது, அது பக்கத்து வீட்டுத் துணியில் போய் உட்காரும். 1 மைக்ரான் பை ஒன்றாவது இருக்கட்டும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர எதிர்ச்சுவர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

படி 5: கேட்

ஒரு மெஷின் மட்டும் ஓடும்போது மற்றக் கிளைகளை அடைக்கும் தகடுதான் கேட். பிளைவுட்டில் செய்தால் மழைக்காலத்தில் உப்பிப் பிடித்துக்கொள்ளும். 6 மி.மீ. அக்ரிலிக்கில் செய்யுங்கள். தகடு ஓடும் பள்ளத்தின் கடைசி முனையை மூடாமல் திறந்து விடுங்கள். இல்லையென்றால் அங்கே தூள் சேர்ந்து இறுகி, தகடு முழுக்க மூடாது. மோட்டார் வைத்த கேட் பழுதாவதற்கு மிகச் சாதாரணக் காரணம் இதுதான்.

எல்லாக் கேட்டும் மூடியிருக்கும்போது புளோயர் ஓடினால் மோட்டார் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை தலைகீழ். மையவிலக்குப் புளோயரில் காற்று நின்றால் மோட்டாரின் ஆம்பியர் குறையும். குழாய், ஃபில்டர் எதுவும் இல்லாமல் வாயைத் திறந்துவிட்டு ஓட்டினால்தான் ஆம்பியர் ஏறி ஓவர்லோடு ஆகும். மூடிய கேட்டால் வரும் ஆபத்து வேறு: மெல்லிய தகரக் குழாய் உள்ளே நசுங்கிவிடும்.

படி 6: ஆட்டோமேஷன், எளிய வழி

புரோகிராம் எதுவும் இல்லாத ஒரு முறை இருக்கிறது. ஐந்தாறு மெஷின் வரை உள்ள பட்டறைக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஒவ்வொரு கேட்டிலும் ஒரு லிமிட் சுவிட்ச் (தகடு நகர்ந்தால் இயங்கும் சிறு சுவிட்ச்). கேட் திறந்தால் சுவிட்ச் சேரும். எல்லாச் சுவிட்ச்களையும் பேரலலாக இணைத்து, 24 வோல்ட் சப்ளை வழியாக ஒரு ஆஃப்-டிலே டைமர் ரிலேக்குக் கொடுங்கள். டைமர், புளோயரின் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் பெரிய ரிலே) காயிலை இயக்கும். எந்தக் கேட்டைத் திறந்தாலும் புளோயர் ஓடும். எல்லாம் மூடிய பிறகு இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். ஒரு கேட்டை மூடி இன்னொன்றைத் திறக்கும் இடைவெளியில் மோட்டார் நின்று நின்று கிளம்பாது.

கையால் கேட்டைத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் மெஷினுக்கு முன்பே இழுப்பு தொடங்கிவிடுகிறது. மறதிக்கும் மருந்து உண்டு: அதே கேட்டில் இரண்டாவது கான்டாக்ட் ஒன்று வைத்து மெஷினின் ஸ்டார்ட்டர் காயிலோடு தொடரில் சேருங்கள். கேட் திறக்காமல் மெஷினே கிளம்பாது. மெயின் ஸ்டார்ட்டரில் கை வைக்கும் இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

படி 7: ஆட்டோமேஷன், முழு வழி

இங்கே மெஷின் இழுக்கும் கரண்ட்டைச் சென்சார் கவனிக்கும், கன்ட்ரோலர் கேட்டைத் திறக்கும். ஈஎஸ்பி32 போர்டு (புரோகிராம் செய்யக்கூடிய சிறு கன்ட்ரோலர்), ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கவ்வும் வகைக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் (எஸ்சிடி-013 எளிதில் கிடைக்கும்), கேட்டுக்கு ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்), லிமிட் சுவிட்ச், புளோயருக்கு கான்டாக்டர். சென்னை ரிச்சி தெருவில் இவற்றைப் பார்த்து வாங்கலாம். ஏற்கெனவே கம்ப்ரஸர் ஓடும் பட்டறை என்றால் சர்வோவுக்குப் பதில் சிறு நியூமேட்டிக் சிலிண்டரும் சோலனாய்டு வால்வும் போடுங்கள். தூசிக்கு அது அசராது.

சென்சாரை ஒரு வயரில் மட்டும் கவ்வ வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளில் கவ்வினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, பூஜ்யம் காட்டும். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் வகையை வாங்கினால் கரண்ட்டை வோல்ட்டாக மாற்றும் பர்டன் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும். சிறிய ரூட்டர் 3 ஆம்பியர்தான் இழுக்கும், சிக்னல் சிறிதாக வரும். வயரைச் சென்சார் வளையத்துக்குள் மூன்று சுற்று விட்டால் சிக்னலும் மூன்று மடங்காகும். வெளிவருவது ஏசி சிக்னல் என்பதால் இரண்டு ரெசிஸ்டர் வைத்து அதை 1.65 வோல்ட்டுக்கு உயர்த்தி போர்டில் கொடுங்கள். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. ஐந்து சுழற்சி, அதாவது 100 மில்லிவிநாடி அளந்து ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு அளவு) எடுத்தால் நிலையான எண் கிடைக்கும்.

புரோகிராம் செய்ய வேண்டிய வரிசை:

1. மெஷினின் கரண்ட், சும்மா இருக்கும்போது வருவதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டி அரை விநாடி நீடித்தால், மெஷின் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்.
2. அதன் கேட்டைத் திற. திறந்ததை லிமிட் சுவிட்ச் உறுதி செய்யும் வரை மற்றக் கேட்டை மூடாதே.
3. இரண்டு விநாடி கழித்துப் புளோயரைக் கிளப்பு. இரண்டு மோட்டார்களின் தொடக்கக் கரண்ட்டும் ஒன்றாக ஏறினால் எம்சிபி விழும்.
4. மெஷின் நின்றதும் 15 விநாடி குழாயைக் காலி செய்ய ஓடவிடு. அடிக்கடி வெட்டும் மெஷின் என்றால் மூன்று நிமிடம்.
5. கடைசியாகத் திறந்த கேட்டை மூடாமல் விடு.

நான்காவது வரியின் காரணம், மோட்டாரை மணிக்குப் பல முறை நிறுத்திக் கிளப்பினால் வைண்டிங் சூடேறும். 3 ஃபேஸ் மோட்டாரோடு விஎஃப்டி வைத்தால் இந்தக் கவலை குறையும். சிங்கிள் ஃபேஸ் வாங்கி 3 ஃபேஸ் தரும் விஎஃப்டி 3 எச்பி வரை சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை மெயின்ஸில் கான்டாக்டர் வைத்து ஆன், ஆஃப் செய்யாமல் அதன் ரன் டெர்மினலில் கட்டளை கொடுங்கள்.

சர்வோக்களுக்குத் தனி 6 வோல்ட் சப்ளை கொடுங்கள், போர்டிலிருந்து இழுத்தால் ரீசெட் ஆகும். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் வையுங்கள், இல்லையென்றால் அணையும்போது வரும் மின்துடிப்பு போர்டைக் குழப்பும். பெட்டி தூசி புகாததாக இருக்கட்டும். வைஃபையை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, அது மொபைலில் பார்க்க மட்டும். அவசர நிறுத்த பட்டனும் 'மேனுவல்' சுவிட்சும் போர்டைத் தாண்டி நேரே கான்டாக்டரில் வயர் ஆகியிருக்க வேண்டும்.

பணம் மிச்சம் இருந்தால் டிரம்மில் தூள் நிரம்பியதைக் காட்டும் சென்சார் ஒன்று வாங்குங்கள். டிரம் நிரம்பினால் சைக்ளோன் வேலை செய்வதை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபில்டரை அடைத்துவிடும். எனக்கு இது மோட்டார் கேட்டைவிட முக்கியமாகப் படுகிறது.

தீ

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியில் பேபைன், ஏப்ரலில் லேக்லேண்ட் என இரண்டு மர ஆலைகள் மரத்தூசி வெடித்து எரிந்தன. இரண்டிலும் தலா 2 பேர் இறந்தார்கள். அங்கே தூசி தரையிலும் உத்தரத்திலும் படிந்து கிடந்தது. சிறு பட்டறையில் அந்த அளவு வராது என்றாலும் டிரம்முக்குள் தீப்பிடிப்பது நடக்கக் கூடியதே. காரைக்குடிப் பக்கத்துப் பழைய மரத்தை அறுப்பவர்கள் ஆணி இருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரில் பார்த்துவிட்டு அறுங்கள். ஆணியில் ரம்பம் பட்டுத் தெறிக்கும் பொறி நேரே தூள் டிரம்முக்குத்தான் போகும். கிரைண்டரை இந்தக் குழாயில் சேர்க்கவே கூடாது. எண்ணெய் பாலிஷ் துடைத்த துணி தானே சூடேறிப் பற்றும், அதை டிரம்மில் போடாதீர்கள். டிரம் மேல் ஒரு வெப்பச் சுவிட்ச் வைத்து, சூடேறினால் புளோயர் நிற்கும்படி செய்யுங்கள். ஓடும் புளோயர் தீக்கு ஊதிக் கொடுக்கும்.

சோதனையும் பராமரிப்பும்

எல்லாம் முடிந்ததும் இரவில் பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவர் அறுக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கூரிய டார்ச் ஒளியை மெஷின் மேல் பாய்ச்சிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தப்பிக்கும் தூசி ஒளியில் புகையாய்த் தெரியும். எந்த மூடி சரியில்லை என்று அதுவே காட்டிவிடும். பிஎம்2.5 சென்சார் (2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசியை அளப்பது) ஒன்றை மூச்சு விடும் உயரத்தில் மாட்டி, அதன் எண் ஏறினால் தனியாக ஒரு காற்று வடிகட்டும் ஃபேன் ஓடும்படி செய்வதும் நல்ல யோசனை. சாண்ட் செய்யும்போது என்95 மாஸ்க்கை விட வேண்டாம். எம்டிஎஃப் (மரநாரைப் பசையில் அழுத்திச் செய்த பலகை) பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு, தூசி ஃபில்டரில் நிற்காது.

ஃபில்டர் அடைபடுவதைக் காண விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். யு வடிவில் வளைத்த கண்ணாடி டியூபில் கொஞ்சம் நிறத்தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் புளோயருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சொருகுங்கள், இன்னொரு முனை திறந்திருக்கட்டும். புது ஃபில்டரில் இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். அது இரு மடங்கானால் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யும் நேரம். மழைக்காலத்தில் ஈரத்தூள் ஒட்டிக்கொள்வதால் இது சீக்கிரமே வரும்.

டிரம்மைக் காலி செய்யும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டு போடுங்கள். தானாகக் கிளம்பும் மெஷின் என்பதை மறக்கக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பட்டறைக்கு வெளியே கொட்டுங்கள். தரையில் சிந்தியதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் வாக்குவம் வைத்து எடுங்கள். சுத்தமான மரத்தூளைச் செங்கல் சூளைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பிளைவுட், எம்டிஎஃப் தூள் கலந்தது என்றால் கோழிப்பண்ணைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் கொடுக்காதீர்கள், வீட்டு அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். அதில் இருப்பது மரம் மட்டுமல்ல, பசையும்தான்.